வார்சாவின் சிவப்பு பஸ்

'தி பியானிஸ்ட்' படம் பார்த்திருக்கீங்களா? ஹாஸ்டல் ரூமில் ஏழெட்டுப் பேர் ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்து, முதல் பத்து நிமிஷம் கமென்ட் அடித்து, அப்புறம் ஒருத்தரும் வாயே திறக்காமல் பார்த்து முடிக்கிற வகைப் படம் அது. 2002-ல் கான் விழாவில் தங்கப் பனை, அடுத்த வருஷம் மூன்று ஆஸ்கர். ஒல்லிக்குச்சியாய், தாடியோடு, இடிந்த தெருவில் ஊறுகாய் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடப்பாரே ஏட்ரியன் பிராடி, அவர் நடித்தது ஒரு நிஜ மனிதரின் கதை. பெயர் விளாடிஸ்லாவ் ஸ்பில்மன். போலந்தின் தலைநகர் வார்சாவில் வாழ்ந்த பியானோ கலைஞர். 2000-ம் வருஷம் ஜூலை 6 வரை உயிரோடு இருந்தார். தன் கதை படமாகி வந்ததைத்தான் பார்க்கவில்லை.

ஊரும் நிஜம். ஒருநாள் மெட்ரோ டிக்கெட்டும் நல்ல ஷூவும் இருந்தால், காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் அவர் வாழ்க்கையின் முக்கால்வாசியை நீங்கள் நடந்தே பார்த்துவிடலாம். வாங்க, கிளம்புவோம். முன்கூட்டியே ஒரு விஷயம்... போலந்துப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிக்க முயற்சி பண்ணாதீங்க. நாலு மெய்யெழுத்துகள் வரிசையாக நின்று நம்மை முறைக்கும்!

ஷோபன் ஊர்

விமானம் இறங்குற இடத்துக்கே ஷோபன் ஏர்போர்ட் என்றுதான் பெயர். நம்ம ஊரில் தலைவர்கள் பெயர் வைப்பதைப்போல, இங்கே ஒரு பியானோக்காரர் பெயர். ஷோபன் பிறந்து 200 வருஷம் ஆனதைக் கொண்டாட 2010-ல் ஊருக்குள் கறுப்பு நிற பெஞ்சுகள் போட்டார்கள். பட்டனை அமுக்கினால் பெஞ்சே ஷோபனின் இசையை வாசிக்கும். கிராகோவ்ஸ்கியே பிசெட்மியேஷ்சே என்ற பெரிய வீதியில் இருக்கும் திருச்சிலுவை தேவாலயத்துக்குள் போனால், ஒரு தூணுக்குள் அவருடைய இதயம் இருக்கிறது. உவமை இல்லை, நிஜ இதயம்! உடம்பு பாரிஸில், இதயம் மட்டும் ஊருக்கு. 20 வயதில் ஊரைவிட்டுப் போய்த் திரும்பியே வராத பிள்ளை, அப்படி வந்து சேர்ந்தார்.

வேனிற்காலத்து ஞாயிற்றுக்கிழமை என்றால் லாசியென்கி பூங்காவை விட்டுடாதீங்க. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை, மதியம் 12 மணிக்கும் 4 மணிக்கும் ஷோபன் சிலைக்குக் கீழே பியானோ கச்சேரி. டிக்கெட் கிடையாது. புல்லில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி கேட்கலாம். 1959-லிருந்து நடக்கிறது. அந்தச் சிலையை 1940 மே மாதம் ஜெர்மன்காரர்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஷோபனைப் பொதுமேடையில் வாசிக்கவும் தடை போட்டார்கள். இப்போது நீங்கள் பார்ப்பது 1958-ல் திரும்ப நிறுத்திய சிலை. ஒரு இசையமைப்பாளரின் சிலைக்கு வெடி வைக்கும் அளவுக்கு என்ன பயம் என்று தோணுதா? பிடித்துப்போன நாட்டுக்கு இனி சொந்தமாக ஒரு குரலும் இருக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் திட்டம். அந்தத் திட்டத்தில் பியானோவும் சேர்த்தி.

ரேடியோவில் கடைசி பாட்டு

ஸ்பில்மன் பிறந்தது 1911 டிசம்பர் 5-ல், சோஸ்னோவியெட்ஸ் என்ற சின்ன ஊரில். யூதக் குடும்பம். அப்பா வயலின் கலைஞர். வார்சாவில் படித்து, 1931-ல் மேற்படிப்புக்கு பெர்லின் போனார். அங்கே ஆர்தர் ஷ்நாபெல், லியோனிட் கிராய்ட்சர் மாதிரி ஜாம்பவான்களிடம் பாடம். 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வர, மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். 1935-லிருந்து போலிஷ் வானொலியில் பியானோ கலைஞர் வேலை. ஷோபனும் வாசிப்பார், ஜாஸும் வாசிப்பார், சினிமாவுக்கும் பாட்டு போடுவார். கிளாசிக்கல் ஆளு என்பதற்காக மெல்லிசையைக் கேவலமாகப் பார்க்கிற ஜாதி இல்லை.

1939 செப்டம்பர் 23. ஊர்மேல் குண்டு மழை. ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஷோபன் வாசித்துவிட்டு வந்தார். அன்றைக்கே மின்நிலையத்தில் குண்டு விழ, வானொலி ஊமையானது. வார்சா வானொலியின் கடைசி நேரடி இசை அவர் கையால் போனது. அந்த நிகழ்ச்சியில் வாசித்ததில் ஒன்று, ஷோபன் 1830-ல் எழுதிய சி ஷார்ப் மைனர் நாக்டர்ன். நாலு நிமிஷத்துச் சின்ன உருப்படி. ஷோபன் செத்த பிறகுதான் அச்சிலேயே வந்தது. பெயரை ஞாபகத்தில் வைங்க, பின்னாடி தேவைப்படும்.

சுவர்

நடு ஊரில், ஸ்டாலின் காலத்து 237 மீட்டர் கலாசார மாளிகைக்குப் பின்பக்கம் ஸ்லிஸ்கா என்று ஒரு தெரு. போருக்கு முன் ஸ்பில்மன் குடும்பம் இருந்தது அங்கேதான். இப்போது சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள். டை கட்டிய பையன்கள் காபி கப்போடு ஓடுவார்கள். பக்கத்துத் தெருவான சியென்னாவில் 55-ம் எண் வீட்டின் முற்றத்துக்குள் போங்க. சுமார் 3 மீட்டர் உயரத்தில் ஒரு சிவப்புச் செங்கல் சுவர் நிற்கும். பார்த்தால் ஸ்கூல் காம்பவுண்டு மாதிரி சாதாரணமாக இருக்கும். அதுதான் கெட்டோ சுவரில் மிச்சம். மேலே குடித்தனக்காரர்கள் துணி காயப்போட்டிருப்பார்கள், முற்றத்தில் கார் நிறுத்தியிருப்பார்கள். சுவரில் ஒன்றிரண்டு செங்கல் இல்லாமல் ஓட்டை தெரியும். அவை வாஷிங்டனில் இருக்கும் யூதப் படுகொலை மியூசியத்துக்குப் போய்விட்டன.

1940 நவம்பரில் கெட்டோவைப் பூட்டினார்கள். சுமார் 3.4 சதுர கிலோமீட்டர் இடம். உச்சத்தில் நாலரை லட்சம் பேர். ஒரு பல்கலைக்கழக வளாகம் அளவு இடத்துக்குள் ஒரு பெரிய நகரத்து ஜனம் மொத்தமும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சுவர் போன வழியை இப்போது நடைபாதையிலேயே இரும்புப் பட்டையாகப் பதித்திருக்கிறார்கள். செல்போனைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கெட்டோவுக்குள் போய் வெளியே வந்ததுகூடத் தெரியாது.

க்ளோட்னா வீதிக்கு வந்தால் ரோட்டின் இரண்டு பக்கமும் உயரமான உலோகக் கம்பங்கள் நிற்கும். கெட்டோ இரண்டு துண்டு. நடுவில் ஆரியர்களுக்கான சாலை. அதைத் தாண்ட 1942 ஜனவரியில் ஒரு மரப்பாலம் கட்டினார்கள். படத்திலும் வருமே, அதுதான். 2011-ல் அந்த இடத்தில் இந்தக் கம்பங்களை நட்டு, மேலே கம்பி இழுத்து, ராத்திரியில் அந்தக் கம்பிக்கு வெளிச்சம் கொடுத்தார்கள். பாலம் இருந்த உயரத்தில் ஒரு வெளிச்சக் கோடு மட்டும். கம்பத்தில் இருக்கும் துவாரத்தில் கண்ணை வைத்தால் பழைய படங்கள் தெரியும். நினைவுச் சின்னம் என்றால் பெரிய சிலையாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? என் ஓட்டு இதற்குத்தான்.

கெட்டோவுக்குள்ளும் ஸ்பில்மன் பியானோதான் வாசித்தார். வீட்டில் ஆறு பேருக்குச் சோறு போட வேறு வழியில்லை. முதலில் 'நோவோசெஸ்னா' என்ற கஃபே. அங்கே வந்தவர்கள் கடத்தல் பிசினஸில் காசு பார்த்தவர்கள். வெளியே பிளாட்பாரத்தில் குழந்தைகள் பட்டினியில் கிடக்க, உள்ளே கேக். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர், கொஞ்சம் வாசிப்பை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினாராம். எதுக்கு? தங்கக் காசு வாங்குகிறார். மார்பிள் மேஜைமேல் சுண்டிப் போட்டு, நல்ல காசா என்று சத்தம் கேட்டுப் பார்க்க பியானோ இடைஞ்சலாக இருக்கிறதாம். நிறுத்தினார். காசு சத்தம் கேட்டு முடித்ததும் திரும்ப வாசித்தார். தன் புத்தகத்தில் இதையெல்லாம் அவர் மறைக்கவில்லை. எனக்கு அந்தப் புத்தகத்தின்மேல் மரியாதை வந்த இடம் இது. தன்னையும் தன் ஜனத்தையும் புனிதர்களாக்கி எழுதியிருக்கலாம், செய்யவில்லை. அப்புறம் லெஷ்னோ தெருவில் 'ஷ்டூகா' கஃபேக்கு மாறினார். ஆந்த்ரெய் கோல்ட்ஃபெடர் என்ற கலைஞரோடு சேர்ந்து இரண்டு பியானோ. அந்த இடத்தில்தான் கெட்டோவின் நிஜமான ரசிகர்கள் கூடினார்கள்.

ஆறு துண்டு மிட்டாய்

ஸ்டாவ்கி தெருவுக்கு வாங்க. வெள்ளைக் கல்லில் நாலு சுவர், மேலே கூரை இல்லை. 1988-ல் கட்டியது. ரயில் பெட்டியை ஞாபகப்படுத்தும் அளவு, வடிவம். சுவர் முழுக்கப் பெயர்கள், நானூத்துச் சொச்சம். ஆபா, ஆடாம் என்று முதல் பெயர்கள் மட்டும் அகர வரிசையில். குடும்பப் பெயர் போடவில்லை. இந்த இடத்தின் பெயர் உம்ஷ்லாக்பிளாட்ஸ். சரக்கு ஏற்றி இறக்குகிற முற்றம். 1942 ஜூலை 22-லிருந்து செப்டம்பர் வரை, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களை இங்கிருந்து ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குச் சரக்கு வேகனில் ஏற்றினார்கள். ட்ரெப்ளிங்கா இங்கிருந்து 80 கிலோமீட்டர்தான்.

ஆகஸ்ட் 16. ஸ்பில்மன், அப்பா சாமுவேல், அம்மா எட்வர்டா, தம்பி ஹென்ரிக், தங்கைகள் ரெஜினா, ஹலீனா. ஆறு பேரும் இந்த முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் கழுத்தில் தட்டைக் கட்டிக்கொண்டு மிட்டாய் விற்றுக்கொண்டு வந்தான். அந்த இடத்திலும் வியாபாரம்! கொள்ளை விலை. குடும்பத்திடம் இருந்த கடைசிப் பணத்தைத் திரட்டி அப்பா ஒரே ஒரு கேரமல் மிட்டாய் வாங்கினார். பேனாக்கத்தியால் அதை ஆறு துண்டாக நறுக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அதுதான் அவர்கள் சேர்ந்து சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு.

வேகனை நோக்கி நடக்கும்போது, வரிசையில் நின்ற யூத போலீஸ்காரர் ஒருவர் ஸ்பில்மனின் காலரைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார். பிரபலமான பியானோக்காரர் என்று அடையாளம் தெரிந்திருக்கிறது. அவர் திரும்பவும் உள்ளே நுழையத்தான் முட்டி மோதினார். விடவில்லை. மற்ற ஐந்து பேரும் போய்விட்டார்கள். யாரும் திரும்பவில்லை.

நாலு சுவருக்குள் நிற்கும்போது, எதிரே டிராம் போகிற சத்தம் கேட்கும். சுற்றி அடுக்குமாடிக் குடியிருப்பு, பக்கத்தில் ஸ்கூல். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். பதினைந்து நிமிஷம் ஆகும். பெரும்பாலான டூரிஸ்ட் பஸ்கள் இங்கே ஐந்து நிமிஷம்தான் நிறுத்துகின்றன.

விரல் இல்லாமல் வாசிப்பது

1943 பிப்ரவரி 13 அன்று கெட்டோவிலிருந்து தப்பித்தார். முதலில் கை கொடுத்தவர்கள் நடிகரும் பாடகருமான ஆந்த்ரெய் போகுட்ஸ்கி, அவர் மனைவி பாடகி யானீனா கொட்லெவ்ஸ்கா. யூதரை ஒளித்து வைத்தால் போலந்தில் மரண தண்டனை, வீட்டில் இருக்கிற எல்லோருக்கும். தெரிந்தே செய்தார்கள். அதற்கு அப்புறம் ஃபிளாட் மாற்றி ஃபிளாட். வெளியே பூட்டு, உள்ளே ஸ்பில்மன். தண்ணீர் ஊற்றும் சத்தம்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது. உதவுகிறேன் என்று அவர் பெயரைச் சொல்லி ஊரெல்லாம் பணம் வசூலித்துவிட்டு, சாப்பாடு கொண்டுவராமல் விட்ட ஆளும் உண்டு. நல்லவர், கெட்டவர் இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள்தான்.

1944 ஆகஸ்ட் 1 சாயங்காலம் 5 மணிக்கு வார்சா கிளர்ந்து எழுந்தது. 63 நாள் சண்டை. தோற்றது. மிச்சமிருந்த ஜனத்தையெல்லாம் துரத்திவிட்டு, ஜெர்மன்காரர்கள் தெரு தெருவாக வீடுகளை எரித்தும் வெடித்தும் காலி பண்ணினார்கள். ஊரில் 85 சதவீதம் தரைமட்டம். (இன்றைக்கும் ஆகஸ்ட் 1, 5 மணிக்கு சைரன் ஊதும். பஸ், கார், நடக்கிறவர்கள் எல்லாம் அந்தந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்பார்கள். அந்தத் தேதியில் போக முடிந்தால் போங்க.) அந்த இடிபாட்டுக்குள் தனியாக ஒரு மனிதர். பேச ஆள் இல்லை. மூளை கலங்காமல் இருக்க ஒரு டைம்டேபிள் போட்டுக்கொண்டார். வாழ்நாளில் வாசித்த உருப்படிகள் ஒவ்வொன்றையும் மனசுக்குள் அளவு அளவாக, முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி வரை ஓட்டுவது. படித்த புத்தகங்களை ஞாபகப்படுத்துவது. தனக்குத்தானே இங்கிலீஷ் பாடம் நடத்துவது. செமஸ்டர் லீவில் போரடிக்குது என்று புலம்புகிற நமக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

223, சுதந்திர அவென்யூ

ஆலேயா நியெபோட்லெக்வோஷ்சி. 'சுதந்திர அவென்யூ' என்று அர்த்தம். அகலமான சாலை, நடுவில் டிராம். தேசிய நூலகம் இருப்பதும் இதே சாலையில்தான், எண் 213. அங்கிருந்து வடக்கே நடந்தால் 223 வரும். சாதாரணக் குடியிருப்புக் கட்டடம். வாசலுக்குப் பக்கத்தில் போலிஷிலும் இங்கிலீஷிலும் ஒரு கல்வெட்டு. 2011 டிசம்பர் 4-ல் திறந்தது. அடுத்த நாள் ஸ்பில்மனின் நூறாவது பிறந்தநாள்.

1944 நவம்பரில் இந்தக் கட்டடத்தின் சமையலறையில் டின்களைக் கிளறிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு ஜெர்மன் அதிகாரி நின்றார். என்ன தொழில் என்று கேட்டார். பியானோ கலைஞர் என்றார் ஸ்பில்மன். பக்கத்து அறையில் ஒரு பியானோ இருந்தது. வாசி என்றார் அதிகாரி.

அவர் கீபோர்டைத் தொட்டு இரண்டரை வருஷம். விரல்கள் விறைத்திருந்தன, அழுக்கு அப்பியிருந்தது, நகம் வெட்டவில்லை. ஜன்னல் கண்ணாடி உடைந்து, குளிரில் பியானோவும் சுருதி கெட்டிருந்தது. படத்தில் இந்த இடத்தில் ஷோபனின் ஜி மைனர் பாலட் வரும், பெரிய உருப்படி, சினிமாவுக்கு ஏற்ற மாதிரி உச்சத்துக்குப் போகும். (கை குளோசப்பில் வாசித்தது போலந்துக் கலைஞர் யானூஷ் ஓலெய்னிசாக்.) நிஜத்தில் அவர் வாசித்தது அந்த நாலு நிமிஷ நாக்டர்ன்தான். ரேடியோவில் கடைசியாக வாசித்தாரே, அதே சி ஷார்ப் மைனர். இதில் சினிமாவைவிட நிஜம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. உயிர் போகிற நேரத்தில் வித்தை காட்டத் தோன்றவில்லை. மெதுவாகப் போகிற ஒரு சின்னப் பாட்டு.

அதிகாரி பெயர் வில்ம் ஹோசன்ஃபெல்ட். ஊரில் ஸ்கூல் வாத்தியார். நாஜிக் கட்சியில் 1935-லேயே சேர்ந்தவர். போலந்துக்கு வந்து நடந்ததையெல்லாம் கண்ணால் பார்த்து வெறுத்துப்போய், வெட்கத்தோடு டைரி எழுதினவர். ஸ்பில்மனுக்கு முன்பே வேறு சிலரையும் காப்பாற்றியிருக்கிறார். மேல் பரணில் இன்னும் பத்திரமான இடம் காட்டி, ரொட்டியும் ஜாமும் கொண்டுவந்து கொடுத்தார். போகும்போது ராணுவ ஓவர்கோட். அந்தக் கோட்டே எமனாகப் பார்த்தது. 1945 ஜனவரியில் ஊர் விடுதலையானதும் அதைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வர, ஜெர்மன்காரன் என்று நினைத்துச் சுட ஆரம்பித்துவிட்டார்கள்!

ஹோசன்ஃபெல்ட் தன் பெயரைச் சொல்லவில்லை. ஸ்பில்மன் தன் பெயரைச் சொல்லி, உங்களுக்கு ஏதாவது ஆனால் போலிஷ் ரேடியோவில் என்னைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். கேட்டார். சோவியத் கைதியாக முள்வேலிக்குப் பின்னால் இருந்தபோது, அந்தப் பக்கம் போன போலந்து வயலின் கலைஞர் ஒருவரிடம் சொல்லி அனுப்பினார். தகவல் பாதிதான் வந்து சேர்ந்தது, அதிகாரியின் பெயர் வரவில்லை. சில வருஷம் கழித்துப் பெயர் தெரிந்து ஸ்பில்மன் ஆட்சியாளர்களிடம் போய்க் கெஞ்சியும் பலிக்கவில்லை. 1952 ஆகஸ்ட் 13-ல் ஸ்டாலின்கிராட் கைதி முகாமில் அவர் செத்துப்போனார். ஸ்பில்மன் 1946-ல் எழுதி வெளியிட்ட 'ஒரு நகரத்தின் மரணம்' புத்தகத்தில் அவர் ஜெர்மன்காரராகக்கூட இருக்க முடியவில்லை. நல்ல ஜெர்மன்காரரைக் காட்ட அன்றைய போலந்தில் அனுமதியில்லை, ஆஸ்திரியர் என்று மாற்றினார்கள். 1998-ல் ஜெர்மன் மொழியில் புத்தகம் வந்தபோதுதான் அது சரியானது. 2008-ல் இஸ்ரேலின் யாட் வாஷெம் அவருக்கு 'நாடுகளின் நீதிமான்' என்ற பட்டம் கொடுத்தது. 223-ல் அந்தக் கல்வெட்டைத் திறந்தபோது ஸ்பில்மனின் மனைவியும் மகனும் இருந்தார்கள், ஹோசன்ஃபெல்டின் மகளும் இருந்தார்.

பாட்டு திரும்ப வந்தது

1945-ல் போலிஷ் வானொலி திரும்பப் பேச ஆரம்பித்தது. ஸ்பில்மன் போய் உட்கார்ந்து அதே நாக்டர்னை வாசித்தார். அப்புறம் 1963 வரை அந்த வானொலியில் இசைப் பிரிவுத் தலைவர். 1961-ல் சோபோட் சர்வதேசப் பாட்டு விழாவைத் தொடங்கினவர் அவர். 1963-லிருந்து வார்சா பியானோ குவின்டெட் குழுவோடு உலகம் சுற்றினார். இந்த வருஷங்களைப் படம் டைட்டில் கார்டில் இரண்டு வரியில் முடித்துவிடும். போலந்துக்காரர்களிடம் கேட்டால் அவர்களுக்குத் தெரிந்த ஸ்பில்மனே வேறு. சுமார் 500 மெல்லிசைப் பாட்டு போட்டவர், குழந்தைப் பாட்டு போட்டவர். தாத்தா பாட்டிகள் சமையலறையில் முணுமுணுப்பது அவர் மெட்டைத்தான். கெட்டோவிலிருந்து வந்தவர் என்பதே அதில் நிறையப் பேருக்கு ரொம்ப நாள் தெரியாது.

அதில் ஒன்று 'சிவப்பு பஸ்'. 1952-ல் வந்த ஹிட். இடிபாட்டிலிருந்து எழும்பிக்கொண்டிருந்த வார்சாவில் பஸ் ஏறி ஊரைச் சுற்றுகிற ஜாலியான பாட்டு. பாடியவர் யார் தெரியுமா? ஆந்த்ரெய் போகுட்ஸ்கி. ஒன்பது வருஷம் முன்னால், கெட்டோவிலிருந்து ஓடிவந்தவரை வீட்டுக்குள் ஒளித்தாரே, அவரேதான்.

நேரம் மிச்சமிருந்தால் விஸ்துலா ஆற்றைத் தாண்டி ப்ராகா பக்கம் போங்க. 1944 செப்டம்பரிலேயே சோவியத் ராணுவம் வந்துவிட்டதால் அந்தக் கரை அதிகம் இடிபடவில்லை. அதனால் படத்தின் கெட்டோ காட்சிகளில் சிலதை மாவா தெருவில் எடுத்தார்கள். சின்னத் தெரு, இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். எடுத்த ரோமன் போலன்ஸ்கியும் சின்ன வயதில் க்ராகோவ் கெட்டோவிலிருந்து தப்பியவர். அம்மாவை ஆஷ்விட்ஸில் இழந்தவர்.

ஸ்பில்மனின் கல்லறை போவோன்ஸ்கி ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. ஊரின் வடமேற்கு மூலை. நடந்து கால் வலித்திருக்கும், பஸ் பிடிச்சுக்குங்க. வார்சா பஸ் இப்பவும் சிவப்பும் மஞ்சளும்தான். ஜன்னலோர சீட் கிடைத்தால் இயர்போனில் அந்த நாக்டர்னைப் போடுங்க. நாலு நிமிஷம்தான், இரண்டு ஸ்டாப்பிங் தாண்டுவதற்குள் முடிஞ்சிடும்.